பச்சைப் பேச்சும் மீட்டர் கணக்கும்

சுற்றுச்சூழல் கேள்வி–பதில் பகுதிக்கு இந்த முறை கடலூர், புதுச்சேரி வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ஆதங்கம்தான்: மாளிகையில் வாழ்கிறவர்கள் நமக்குச் சிக்கனம் சொல்லலாமா? மின்தணிக்கை, மரம் வளர்ப்பு, நிலத்தடி நீர் ஆகிய துறைகளில் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து பதில் தந்திருக்கிறார்கள்.

ஒரு நடிகர் வெள்ளி கடற்கரைக்கு வந்து "ஏ.சி.யைக் குறையுங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள்" என்று பேசிவிட்டுப் போனார். கூடவே ஆறு பெரிய கார், ஒரு கேரவன். இதைக் கணக்குப் போட முடியுமா?
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

முடியும். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் போதும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வரும். பெட்ரோலுக்கு 2.3 கிலோ. 14.2 கிலோ சமையல் சிலிண்டர் ஒன்று முழுசாகத் தீர்ந்தால் ஏறக்குறைய 42 கிலோ. நம் நாட்டு மின்கட்டமைப்பிலிருந்து வரும் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ. இந்த நான்கு எண்களை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து வந்து திரும்ப 360 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெரிய டீசல் கார் லிட்டருக்குப் 10 கி.மீ. கொடுத்தால் ஒரு காருக்கு 36 லிட்டர், ஆறுக்கு 216. கேரவன் லிட்டருக்கு 5 கி.மீ. ஓடினால் 72 லிட்டர். நிறுத்தி வைத்த நேரத்தில் அதன் ஏ.சி.க்காக ஓடும் ஜெனரேட்டர் மணிக்கு 3 லிட்டர் குடித்தால், ஐந்து மணி நேரத்துக்கு 15. ஆக மொத்தம் 303 லிட்டர். 2.7-ஆல் பெருக்கினால் 818 கிலோ.

இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடும் வீட்டில் வருஷத்துக்கு 1,200 யூனிட், அதாவது 840 கிலோ. உங்கள் தெருவில் ஒரு குடும்பம் ஆண்டு முழுக்க விளக்கும் மின்விசிறியும் போட்டு வெளியேற்றியதில் ஏறக்குறைய முழுவதையும், அந்த அரை மணி நேரப் பேச்சு ஒரே நாளில் வெளியேற்றிவிட்டது.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. நடிகரின் காரை மட்டும் எண்ணிவிட்டு, பாதுகாப்புக்கு வந்த கார்களையும் முந்தின நாளே வந்து பந்தல் போட்ட லாரியையும் விட்டுவிடுவார்கள். அவர் வராவிட்டால் அந்த வண்டி ஓடியிருக்குமா என்று கேளுங்கள். ஓடியிருக்காது என்றால் அது அவர் கணக்குதான்.

தனி விமானத்தில் பறப்பவர்களைப் பற்றி அடிக்கடி படிக்கிறோம். சாதாரண விமானத்துக்கும் அதற்கும் உண்மையில் எவ்வளவு வித்தியாசம்?
— கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை

உங்கள் ஊர் விமான நிலையத்திலிருந்தே தொடங்கலாம். லாஸ்பேட்டை ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். அதனால் இங்கே ஏ.டி.ஆர். 72 போன்ற விசிறி விமானங்கள்தான் வருகின்றன. பெங்களூருக்கு ஒரு மணி நேரப் பயணம் என்றால் அது ஏறக்குறைய 700 கிலோ எரிபொருள் எரிக்கும். ஒரு கிலோ விமான எரிபொருளுக்கு 3.16 கிலோ கரியமில வாயு. அதை அறுபது பயணிகளுக்குப் பங்கிட்டால் தலைக்கு 37 கிலோ. அதே ஊருக்குப் பேருந்தில் போனால் 310 கி.மீ.; லிட்டருக்கு 4 கி.மீ., நாற்பது பேர் என்றால் தலைக்கு 5 கிலோ சொச்சம்.

இப்போது தனி விமானம். கண்டம் தாண்டும் பெரிய ரக விமானம் மணிக்குச் சுமார் 1,700 லிட்டர் எரிக்கும். லிட்டருக்கு 2.5 கிலோ வீதம் மணிக்கு 4.25 டன். சென்னை–டெல்லி இரண்டரை மணி நேரம்; போக மட்டும் 10.6 டன், திரும்பி வந்தால் 21 டன். நூற்றைம்பது பேரோடு போகும் பயணிகள் விமானத்தில் அதே பயணம் ஒரு வழிக்குத் தலைக்கு 130 கிலோ அளவில் முடியும். இந்தியர் ஒருவரின் ஆண்டுச் சராசரி ஏறக்குறைய 2 டன். ஆக, ஒரே ஒருவர் தனி விமானத்தில் டெல்லி போய் வந்தால் பத்துப் பேரின் ஒரு வருடம் கரைந்துவிடும். கூட மூன்று பேரை ஏற்றிக்கொண்டால் நான்கால் வகுக்கலாம். அது நியாயம்.

இந்தக் கணக்கில் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று, காலி ஓட்டம்: மும்பையில் நிற்கும் விமானம் சென்னைக்கு வெறுமையாக வந்து ஆளை ஏற்றும், இறக்கிவிட்டு மறுபடி வெறுமையாகத் திரும்பும். அதையும் சேர்த்தால் எண் எளிதில் ஒன்றரை மடங்காகும். இன்னொன்று, விமானம் உயரத்தில் விட்டுப்போகும் வெண்கோடு. அது பனித்துகள் மேகமாகப் பரவி வெப்பத்தைப் பிடித்துவைக்கும். நாம் போட்ட கணக்கில் அது அறவே இல்லை.

பிரபலங்கள் பக்கம் வந்தால், ஐ.நா.வின் அமைதித் தூதரான ஹாலிவுட் நடிகர் லியோனார்டோ டிகாப்ரியோ 2016-ல் பிரான்சின் கான் நகரிலிருந்து நியூயார்க் பறந்து சுற்றுச்சூழல் விருதை வாங்கிக்கொண்டு உடனே கான் திரும்பியதாகச் செய்திகள் வந்தன. பில் கேட்ஸ் தான் தனி விமானத்தில் பறப்பதை 2021-ல் எழுத்திலேயே ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடாகப் பணம் கட்டுவதாகவும் சொன்னார். ஒப்புக்கொண்டது நல்லதுதான். ஆனால் ஒப்புக்கொண்டதால் வெளியேறிய டன் குறைந்துவிடாது.

கிரெட்டா துன்பர்க் படகில் போனாரே, அவர் மட்டும் யோக்கியமா?
— வாசகர், முதலியார்பேட்டை

சுவீடனைச் சேர்ந்த காலநிலைப் போராளியான அவர், விமானத்தைத் தவிர்க்க 2019 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிளைமவுத்திலிருந்து நியூயார்க்குக்குப் பாய்மரப் படகில் இரண்டு வாரம் போனார். படகைத் திருப்பிக் கொண்டுவர மாலுமிகள் விமானத்தில் போக வேண்டியிருந்தது என்று அப்போதே கேலி செய்தார்கள். கணக்குப்படி கேலி சரி. ஆனால் ஒரு மாளிகையும் ஒரு விமானமும் வைத்திருப்பவரோடு அவரை ஒரே தராசில் வைப்பது சரியல்ல.

"ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே" என்கிற கதையாக இருக்கிறது. அவர்களே அப்படி இருக்கும்போது நாங்கள் எதற்கு விளக்கை அணைக்க வேண்டும்? இந்தப் புவி வெப்பமே பணக்காரர்கள் கிளப்பிய புரளியோ?
— வாசகர், நெய்வேலி

நெய்வேலியில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள். உங்கள் ஊர்ப் பழுப்பு நிலக்கரியில் ஈரம் அதிகம், சூடு குறைவு. அதனால் ஒரு யூனிட் எடுக்க ஒரு கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறும். அதைப் பற்றி மேடையில் பேசுபவர் யோக்கியராக இருந்தாலும் ஊதாரியாக இருந்தாலும் கொதிகலனுக்குத் தெரியாது. பேசியவரின் வீட்டைப் பார்த்துவிட்டு அறிவியல் பொய் என்று முடிவு கட்டுவது, மழை வரும் என்று பஞ்சாங்கம் படித்தவரே குடையில்லாமல் நனைந்தார் என்பதற்காக மழையே பெய்யவில்லை என்பதைப் போல.

புவி வெப்பத்தைப் பற்றி ஊர் ஊராகப் பேசிய அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2007-ல் அவர் அமைதி நோபல் வாங்கினார். அதே ஆண்டு, டென்னசியில் உள்ள அவர் வீடு 2006-ல் சுமார் 2,21,000 யூனிட் மின்சாரம் தின்றது என்று உள்ளூர் அமைப்பொன்று பில்லை வெளியிட்டது. சராசரி அமெரிக்க வீட்டைப்போல இருபது மடங்கு. அம்பலமான பிறகு கூரையில் சூரியத் தகடு, பூமிக்கடிக் குழாய் வழியே குளிரூட்டல் என்று வீட்டை மாற்றி அமைத்தார். பில் வெளியே வராமல் இருந்திருந்தால் இவ்வளவு விரைவாக அது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அதனால் கிண்டலைவிட, பில்லைக் கேட்பதில்தான் பயன்.

உங்கள் கோபத்துக்கு அடிப்படை இல்லாமலும் இல்லை. உலகின் மேல்தட்டு 1 சதவீதத்தினர் 2019-ல் மொத்தக் கரியமில வாயுவில் 16 சதவீதத்துக்குக் காரணம் என்று ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம் 2023-ல் சொன்னது. கீழே உள்ள 66 சதவீதம் பேர் சேர்ந்து வெளியேற்றியதும் அதே அளவு. விளக்கை அணைப்பது உங்கள் பில்லுக்காக. அந்த 16-ஐ அது தொடாது.

தலைவர் ஒருவர் ஜூன் 5 அன்று ஆயிரம் மரக்கன்று நட்டார். இனி அவர் காரில் போனாலும் விமானத்தில் போனாலும் கணக்கு நேராகிவிட்டது என்கிறார்கள் அவர் ஆட்கள். சரியா?
— ஆசிரியை, நெல்லிக்குப்பம்

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் தேதி. 1972 ஜூன் 5-ல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு தொடங்கியது; அதனால்தான் அந்த நாள் உலகச் சுற்றுச்சூழல் தினம். தென்மேற்குப் பருவமழை கொட்டும் கேரளத்துக்கு அது அருமையான நடவு நாள். நமக்கு? அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். அதன்பின் ஆனி, ஆடி முழுக்க வறண்ட மேல்காற்று. கடலூர், புதுச்சேரிக் கடற்கரையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்கிறது. ஜூன் 5-ல் நட்ட கன்று நாலு மாதம் குடத்துத் தண்ணீரை நம்பி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். புரட்டாசிக் கடைசியில் நடுங்கள். மழையே வேரை இறக்கிவிடும்.

அடுத்து கன்று. படத்தில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஆறடிக் கன்றாகக் கேட்பார்கள். சின்னப் பையில் ஆறடி வளர்ந்த கன்றுக்கு வேர் பைக்குள்ளேயே சுருண்டிருக்கும். நட்ட பிறகும் அந்தச் சுருள் விரியாது. மரம் பருக்கும்போது தன் கழுத்தைத் தானே நெரிக்கும், பெருங்காற்றில் அடியோடு சாயும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையேறிய பகுதி இது. பிடிப்பில்லாத வேர் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இரண்டு, இரண்டரை அடிக் கன்று போதும். பையை முழுக்கக் கிழித்து எடுங்கள். வேர்ப்பந்தின் அடியில் ஓர் அங்குலத்தை பிளேடால் சீவி, பக்கவாட்டில் மூன்று இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறிவிடுங்கள். பையோடு புதைப்பது விழாக்களில் சர்வ சாதாரணம். அடுத்த கோடையில் கன்றைப் பிடித்து இழுத்தால் பையோடு கையில் வரும்.

குழி: கேப்பர் மலைச் செம்மண்ணில் இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. பத்து நாள் முன்பே தோண்டி ஆறவிடுங்கள். மேல்மண்ணோடு நன்றாக மக்கிய தொழு உரம் 5 கிலோ, கரையானுக்கு வேப்பம் புண்ணாக்கு 200 கிராம். பச்சைச் சாணம் போட்டால் சூட்டில் வேர் வெந்துவிடும். கடற்கரை மணலில் குழி மூன்றடி வேண்டும். அடியில் ஊறவைத்த தேங்காய் மட்டை ஓர் அடுக்கு, மேலே மணலோடு மூன்றில் ஒரு பங்கு வண்டலோ செம்மண்ணோ. உப்புக்காற்று அடிக்கும் இடத்துக்குப் புன்னை, பூவரசு, புங்கன், பனை. உள்ளே தள்ளி என்றால் மகிழம், நாவல், வேம்பு. பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நட வேண்டும். தண்டைப் புதைத்தால் பட்டை அழுகும். சுற்றி ஒன்றரை அடிப் பாத்தி, மூன்று அங்குலத்துக்குச் சருகு மூடாக்கு. தண்டை ஒட்டி ஒரு சாண் விட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் கரையானுக்கு விருந்து. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் ஊரில் முட்டுக்கோல் கட்டாயம். கயிற்றை எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள்.

தண்ணீர்தான் விஷயமே. ஒரு கன்றுக்கு வாரம் இருமுறை, முறைக்கு 10 லிட்டர். மாசியிலிருந்து புரட்டாசி வரை 30 வாரம். ஆயிரம் கன்றுக்கு 6 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஐம்பது நடை. இதே போல இரண்டு கோடை. அந்த ஐம்பது நடைக்கு யார் பணம் கட்டினார்கள் என்று தலைவரின் ஆட்களிடம் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

எல்லாம் பிழைத்தது என்றே வைத்துக்கொள்வோம். காய்ந்த மரத்தின் எடையில் பாதி கார்பன், அதை 3.67-ஆல் பெருக்கினால் அது காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயு. நூறு கிலோ காய்ந்த எடைக்கு 183 கிலோ. நட்ட முதல் வருஷத்தில் கன்று சேர்ப்பது சில நூறு கிராம்தான். வளர்ந்த மரம் ஆண்டுக்குத் தோராயமாக 20 கிலோ எடுக்கும். ஒரு மணி நேரத் தனி விமானத்தின் 4.25 டன்னை ஒரே ஆண்டில் இழுக்க வளர்ந்த மரம் 210 வேண்டும். தலைவர் பறப்பது இன்று. மரம் வளர்வது பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து. நடுவில் ஆடு, சாலை விரிவாக்கம், புயல் எல்லாம் இருக்கிறது.

ஆரோவில் மேட்டைப் பாருங்கள். 1968-ல் அது தொடங்கியபோது மழைநீர் செம்மண்ணை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோன பொட்டல். வரப்பு போட்டு, மழைநீரை நிறுத்தி, இந்த மண்ணுக்கே உரிய பசுமைமாறா உலர்காட்டு மரங்களை நட்டுப் பல பத்தாண்டு பாடுபட்ட பிறகுதான் காடு வந்தது. வரப்புதான் முதலில், கன்று பிறகு.

கார்பன் கிரெடிட் வாங்கிவிட்டேன் என்கிறார்களே, அது என்ன?
— வாசகர், உழவர்கரை

ஒரு கிரெடிட் என்றால் ஒரு டன். நீங்கள் வெளியேற்றியதற்கு ஈடாக வேறெங்கோ ஒருவர் ஒரு டன்னைக் குறைத்ததாகச் சான்றிதழ். மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் பணம் இல்லாவிட்டால் அந்தக் காடு வெட்டப்பட்டிருக்குமா? இங்கே வெட்டாமல் பக்கத்துக் காட்டை வெட்டினார்களா? இன்னும் முப்பது ஆண்டுக்கு அது நிற்கும் என்று யார் கையெழுத்துப் போட்டது? காடு காக்கும் கிரெடிட்டுகள் பலவற்றில் முதல் கேள்வியிலேயே ஓட்டை என்று 2023-ல் பத்திரிகைகள் கூட்டாகத் துருவி எழுதின. வாங்குவது தப்பில்லை. வாங்கியதைக் காட்டி, வெளியேற்றியதை மறைப்பதுதான் தப்பு.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் "இயற்கை வாழ்வு" என்ற பெயரில் பண்ணை வீடுகளும் சொகுசு விடுதிகளும் வருகின்றன. கூரையில் சோலார், உள்ளே நீச்சல் குளம், புல்தரை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. சம்பந்தம் இருக்குமா?
— விவசாயி, பாகூர்

இருக்கலாம், அளந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். கடலோரத்தில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், கீழே உப்புநீர் ஏறக்குறைய 40 மீட்டர் மேலேறும் என்பது நிலநீர்க்காரர்களின் பழைய சூத்திரம். அதனால்தான் கடலோரத்தில் ஆழ்துளைக் கிணற்றில் ராட்சச மோட்டார் வைப்பது ஆபத்து. உறிஞ்சும் இடத்துக்கு நேர் கீழே உப்பு கூம்பாக எழும்பும். ஒருமுறை ஏறிவிட்டால் ஒரு மழைக்காலத்தில் இறங்காது.

12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 1.4 மீட்டர் ஆழமுள்ள குளம் ஒரு லட்சம் லிட்டர் பிடிக்கும். வெயில் காலத்தில் தினம் 5, 6 மில்லிமீட்டர் ஆவியாகும். நாளுக்கு 400 லிட்டர் காற்றோடு போகும். அதைவிட மோசம் புல்தரை. பத்து சென்ட் புல்லுக்குக் கோடையில் நாளொன்றுக்கு 2,000 லிட்டர். குளத்தைத்தான் எல்லாரும் திட்டுவார்கள், புல்லை யாரும் கவனிப்பதில்லை.

சோலாருக்கு வருவோம். ஒரு கிலோவாட் தகடு நம் பகுதியில் தினம் சுமார் 4 யூனிட் தரும். வாசலில் தெரிகிறாற்போல 5 கிலோவாட் வைத்திருந்தால் 20 யூனிட். இருபது ஏ.சி. அறைகள், அறைக்கு 10 யூனிட் என்றால் தேவை 200. பத்தில் ஒரு பங்கு சூரியன், மீதி பழைய கரிதான். ஏ.சி.யிலும் ஒரு கண் இருக்கட்டும்: பழைய ரக ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால் அது 2 டன் கரியமில வாயுவுக்குச் சமம். கடற்காற்றில் செம்புக் குழாயும் சுருளும் அரிப்பதால் இங்கே கசிவு சகஜம். "கேஸ் போட்டுட்டேன் சார்" என்று வருஷா வருஷம் மெக்கானிக் சொன்னால், போட்டது எங்கே போனது என்று கேட்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள். ஜனவரியிலும் மே மாதத்திலும், மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு அளந்து நோட்டில் எழுதுங்கள். பக்கத்து நாலு கிணறுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கு 500-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாதபோது உச்சவரம்பு 2,000. ஒரே ஒரு அளவை எடுத்துக்கொண்டு புகார் கொடுத்தால் நிற்காது. மூன்று வருட ஏற்றம், விடுதிப் பக்கத்துக் கிணற்றில் அதிகம் என்று காட்டினால் மனுவுக்கு வலு இருக்கும்.

மின்சார சொகுசுக் கார் வாங்கினால் மாசு இல்லையாமே?
— வாசகி, மஞ்சக்குப்பம்

வண்டியின் வாலில் இல்லை. மின் நிலையத்தின் புகைபோக்கியில் இருக்கிறது. இரண்டரை டன் எடையுள்ள மின்சாரக் கார், சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து கி.மீ.க்கு 0.22 யூனிட் எடுத்தால் 150 கிராம் சொச்சம். லிட்டருக்கு 18 கி.மீ. ஓடும் சின்ன பெட்ரோல் கார், சுத்திகரிப்பு ஆலைச் செலவையும் சேர்த்து, ஏறக்குறைய அதே அளவுதான். சின்ன மின்சாரக் கார் 85 கிராமில் முடித்துவிடும். வீட்டுக்கூரை சூரிய மின்சாரத்தில் பகலில் சார்ஜ் செய்தால் இன்னும் குறையும். எடைதான் எதிரி.

பள்ளிச் சுற்றுச்சூழல் விழாவுக்கு ஒரு பிரபலத்தை அழைக்கிறோம். எங்களையே யாரும் கேலி செய்யாதபடி எப்படி நடத்துவது?
— தலைமை ஆசிரியர், பண்ருட்டி வட்டம்

முதலில் ஃப்ளெக்ஸ் பேனர். பத்துக்கு இருபது அடி பேனர் என்பது 5, 6 கிலோ பி.வி.சி. பூசிய துணி. மறுசுழற்சிக்கு யாரும் எடுக்க மாட்டார்கள். எரித்தால் வருவது ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையும் டையாக்சினும். காடாத் துணியில் ஓவிய ஆசிரியரை எழுதச் சொல்லுங்கள். தேதி மட்டும் தனித் துண்டில் இருந்தால் அடுத்த ஆண்டும் அதே துணி. பொன்னாடை பெரும்பாலும் பாலியஸ்டர், அதுவும் பிளாஸ்டிக்தான். கைத்தறித் துண்டு போடுங்கள். செல்லோஃபேன் சுற்றிய பூங்கொத்து வேண்டாம். பாட்டில் தண்ணீருக்குப் பதில் பானையும் சொம்பும், பலகாரத்துக்கு மந்தாரை இலை.

விருந்தினரிடம் அழைப்பிதழோடு ஒரு வேண்டுகோள் வையுங்கள்: ஒரே வண்டியில் வாருங்கள், கடந்த ஆறு மாத மின்கட்டண ரசீதைக் கொண்டுவந்து மாணவர்களோடு அதைப் படித்துப் பேசுங்கள். சிலர் வரமாட்டார்கள். வருகிறவர் பேச்சுக்குப் பிள்ளைகள் காது கொடுப்பார்கள்.

எங்கள் தெருமுனையில் வி.ஐ.பி. நட்ட கன்று பட்டுப்போய்விட்டது. அவர் பெயர் போட்ட இரும்புப் பலகை மட்டும் நிற்கிறது. என்ன செய்யலாம்?
— வாசகி, முத்தியால்பேட்டை

குழி ஏற்கெனவே இருக்கிறது, பாதி வேலை குறைந்தது. பட்ட கன்றைப் பிடுங்கி பையோடு நட்டார்களா என்று பாருங்கள். மண்ணைக் கிளறி, தொழு உரம் போட்டு, புரட்டாசியில் ஒரு புன்னையோ பூவரசோ வையுங்கள். பலகையைக் கழற்ற வேண்டாம். நட்ட தேதிக்குக் கீழே பட்ட மாதத்தையும் பெயின்டால் எழுதிவிட்டு, அதன் இரும்புக் காலையே புதுக் கன்றுக்கு முட்டுக்கோலாகக் கட்டிக்கொள்ளுங்கள். கயிறு மட்டும் தளர்வாக இருக்கட்டும்.